தொழில் நியாய சபையில் உண்மை எவ்வாறு நிறுவப்படுகிறது?

"நாளையிலிருந்து உனக்கு வேலை இல்லை" என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுவார்கள். சில வாரங்களின் பின், "இவர் தாமாகவே வேலையை விட்டுப் போய்விட்டார்" என்று நிருவாகம் எழுதும். இத்தகைய வழக்கில் சட்டத்தைப் பற்றிய சர்ச்சை குறைவு. நடந்தது என்ன என்பதே சர்ச்சை. அதைத் தொழில் நியாய சபை எவ்வாறு தீர்க்கிறது என்பதை இப்பாடத்தில் பார்ப்போம்.

சபைக்குச் செல்லும் உரிமை

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தில், 1957ஆம் ஆண்டின் 62ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் தொழில் நியாய சபைகள் சேர்க்கப்பட்டன. வேலை நீக்கப்பட்ட தொழிலாளி தாமாகவோ, அவர் சார்பில் அவரது தொழிற்சங்கமோ விண்ணப்பிக்கலாம். நியமனக் கடிதம் இல்லையே என்று சிலர் பின்வாங்குவதுண்டு. அது தேவையற்ற அச்சம். வாய்மொழி ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவரையும் சட்டம் தொழிலாளி என்றே கொள்கிறது. ஆனால் காலவரையறை உண்டு. 2003ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில் யார் நிரூபிப்பது?

விண்ணப்பத்தின் பிரதி தொழில்தருநருக்கு அனுப்பப்படும். அவர் எழுத்தில் மறுமொழி அளிப்பார். வழக்கின் போக்கு இந்த மறுமொழியிலேயே தங்கியுள்ளது.

1. "ஆம், நாம்தான் நீக்கினோம், இவர் குற்றம் செய்தார்" என்று தொழில்தருநர் கூறினால், அவரே முதலில் சாட்சிகளை அழைத்து, நீக்கியது நியாயமே என நிரூபிக்க வேண்டும். தோட்டத்திலோ தொழிலகத்திலோ ஏற்கனவே உள்ளக விசாரணை நடந்திருந்தாலும், அதன் முடிவு சபையைக் கட்டுப்படுத்தாது.

2. "நாம் நீக்கவில்லை, இவரே வேலையைக் கைவிட்டார்" என்று கூறினால், தாம் நீக்கப்பட்டதைத் தொழிலாளியே முதலில் நிரூபிக்க வேண்டும்.

இரண்டாவது வகையிலேயே எம்மவர்கள் அதிகம் இடறுகிறார்கள். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எழுந்த வாக்குவாதத்தின் பின், இரு தொழிலாளர்களுக்கு வேலை மறுக்கப்படுகிறது. ஒருவர் மறுநாளும் பிரட்டுக்களத்துக்குப் போகிறார், பெயர் போடவில்லை. மூன்றாம் நாள், வேலை தருமாறு கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புகிறார். மற்றவர் மனம் வெறுத்து நான்கு மாதங்கள் வீட்டில் இருந்துவிடுகிறார். வேலையைக் கைவிட்டார் என்று சொல்வதற்கு, வராமல் இருந்தது மட்டும் போதாது. திரும்பி வரும் எண்ணம் இல்லாமையும் வேண்டும் என்பது எமது நீதிமன்றங்கள் ஏற்ற கோட்பாடு. முதலாமவருக்கு அவ்வெண்ணம் இருந்தது என்பதற்கு அவரது கடிதமே சாட்சி. இருவருக்கும் நேர்ந்த அநீதி ஒன்றே. ஆனால் இரண்டாமவரிடம் காட்டுவதற்கு எதுவுமில்லை.

விசாரணை நடைபெறும் விதம்

சாட்சி முதலில் தமது தரப்பினரின் கேள்விகளுக்குப் பதிலளிப்பார். பின்பு எதிர்த்தரப்பினர் குறுக்கு விசாரணை செய்வர். ஆவணங்கள், விண்ணப்பதாரருடையவை ஏ1, ஏ2 எனவும், எதிர்மனுதாரருடையவை ஆர்1, ஆர்2 எனவும் அடையாளமிடப்படும். செக்ரோல் நிருவாகத்தின் கையில் இருந்தால், அதைச் சமர்ப்பிக்குமாறு கட்டளையிடும்படி சபையைக் கேட்கலாம். சாட்சிக்கு அழைப்பாணை அனுப்பவும் சபைக்கு அதிகாரம் உண்டு. தானாக வரத் தயங்கும் சக தொழிலாளிக்கு அழைப்பாணை ஒரு துணையாகும்.

சபை சாட்சிகள் கட்டளைச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதல்ல. அதற்காகச் சாட்சியமின்றித் தீர்ப்பளிக்க முடியாது. இரு தரப்புக் கூற்றுகளில் எது நடந்திருக்கக்கூடியது என்று நிறுத்துப் பார்த்து, நியாயமும் ஒப்புரவுமான கட்டளையைப் பிறப்பிப்பதே அதன் கடமை. மீண்டும் வேலை, நிலுவைச் சம்பளம், நட்டஈடு ஆகிய பரிகாரங்களை அது வழங்கலாம்.

மேன்முறையீட்டை நம்பி இருக்கலாமா?

கட்டளையில் அதிருப்தியுற்றவர் 30 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். ஆனால் அது சட்டப் பிரச்சினை பற்றியதாகவே இருக்க வேண்டும். சாட்சியம் எதுவுமின்றியோ, எந்த நியாயமான மனிதரும் வரமுடியாத வகையிலோ முடிவு செய்யப்பட்டிருந்தாலன்றி, உண்மைகள் பற்றிய சபையின் முடிவு மாற்றப்படமாட்டாது. எனவே, "மேலே போய்ச் சொல்லிக்கொள்ளலாம்" என்று எந்தச் சாட்சியையும் ஒதுக்கி வைக்கலாகாது. உண்மையைச் சொல்லும் இடம் முதல் விசாரணையே.

உடனே செய்ய வேண்டியவை

• வேலை மறுக்கப்பட்ட திகதி, நேரம், சொல்லப்பட்ட வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்.
• வேலை கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பி, பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பாதுகாத்திடுங்கள்.
• சம்பளச் சீட்டுகளையும் ஊழியர் சேமலாப நிதிப் பத்திரங்களையும் ஒரே உறையில் சேர்த்து வையுங்கள்.
• வாசிக்க முடியாத மொழியில் உள்ள எந்தக் கடிதத்திலும், விளக்கம் பெறாமல் கையொப்பமோ கைவிரல் அடையாளமோ இடாதீர்கள். அது நீங்களே எழுதிய விலகற் கடிதமாகச் சபையில் காட்டப்படலாம்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் வீட்டில் சம்பளச் சீட்டுகள் எத்தனை மாதங்களுக்கு உள்ளன?
2. சாட்சி சொல்ல அஞ்சும் ஒருவருக்கு உங்கள் சங்கம் எவ்வாறு துணை நிற்கலாம்?
3. எழுதத் தெரியாதவருக்கு அன்றைக்கே கடிதம் எழுதிக் கொடுப்பவர் உங்கள் ஊரில் யார்?