சைக்கிள் கையும் பைக் கையும்

கேள்வி: எனக்கு 43 வயது. மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சைக்கிளைத் தவிர வேறு வண்டி ஓட்டத் தெரியாது. உள்ளூரிலேயே வேலை என்பதால் இத்தனை நாள் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. இப்போது 14 கிலோமீட்டர் தள்ளி மாற்றிவிட்டார்கள். காலையில் ஒரே ஒரு பஸ். அதை விட்டால் பத்தரைக்குத்தான் அடுத்தது. மனைவி ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுகிறார். நான் பின்னால் உட்கார்ந்து போவதைப் பார்த்து டீக்கடையில் சிரிக்கிறார்கள். அது போகட்டும், அவருக்கும் பள்ளிக்கூட வேலை இருக்கிறது, காலையில் போகவர 28 கிலோமீட்டர் வீண் அலைச்சல்.

அப்பா 2009-இல் வாங்கிய ஸ்ப்ளெண்டர் கொட்டகையில் நிற்கிறது. அவர் காலமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. 19 வயதில் நண்பனின் ஆர்எக்ஸ் 100-ஐ ஓட்டிப் பார்த்தேன். வண்டி குதிரை மாதிரி எகிறி, என்னையும் இழுத்துக்கொண்டு வைக்கோல்போரில் போய் முட்டியது. அதோடு அந்த ஆசையை விட்டேன். இந்த வயதில் பைக் வருமா? பேசாமல் இன்னொரு ஸ்கூட்டி வாங்கிவிடலாமா? முன் பிரேக்கைத் தொடவே கூடாது என்கிறான் மைத்துனன். அது சரியா? எங்கிருந்து தொடங்குவது?

– பெயர் வேண்டாம், மன்னார்குடி வட்டம்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த வைக்கோல்போரிலிருந்தே தொடங்குகிறேன். 28 வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன்; சாயங்காலங்களில் வண்டி ஓட்டவும் சொல்லிக்கொடுக்கிறேன். உங்களுடையதைப் போன்ற கதையோடு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். கதையில் வைக்கோல்போருக்குப் பதில் வாய்க்கால், வேலி, ஒருமுறை கல்யாணப் பந்தல் என்று இடம்தான் மாறும்.

அன்றைக்கு நடந்ததை நான் பார்க்காமலே சொல்ல முடியும். கிளட்ச்சைப் பிடித்து முதல் கியர் போட்டிருப்பீர்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிவிட்டு, கிளட்ச்சைப் பட்டென்று விட்டிருப்பீர்கள். வண்டி முன்னால் பாய, உடம்பு பின்னால் சாய்ந்திருக்கும். சாய்கிற உடம்பு கையில் கிடைத்ததை இறுகப் பிடிக்கும். அப்படி வலது கை இறுகியபோது, மணிக்கட்டு கீழே இறங்கி, ஆக்சிலேட்டர் இன்னும் முறுகியிருக்கும். சுமார் 11 குதிரைத்திறன் உள்ள லேசான டூ-ஸ்ட்ரோக் வண்டி அது. அடுத்து அது நின்ற இடம் வைக்கோல்போர்.

அந்த இரண்டு மூன்று நொடியில் உங்கள் இடது கை என்ன செய்துகொண்டிருந்தது? சும்மா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிளட்ச்சைத் திரும்பப் பிடித்திருந்தால், எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் சக்கரத்துக்குச் சக்தி போயிருக்காது. உங்களிடம் தைரியத்துக்கோ பேலன்ஸுக்கோ குறைவில்லை. முப்பது வருஷமாகச் சைக்கிள் மிதிக்கிறவருக்குப் பேலன்ஸை யார் சொல்லித்தர வேண்டும்? இடது கைக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. அதை யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

சைக்கிளில் இரண்டு கையும் பிரேக். ஸ்கூட்டியிலும் அப்படியே. கியர் வண்டியில் மட்டும் இடது கை கிளட்ச், வலது கை முன் பிரேக், வலது கால் பின் பிரேக், இடது கால் கியர். வருஷக்கணக்காக ஸ்கூட்டி ஓட்டியவர்கள் கியர் வண்டிக்கு வந்தால், அவசரத்தில் பிரேக் என்று நினைத்து இடது லீவரை மட்டும் இழுத்துவிடுவார்கள். வண்டி நிற்காது, எஞ்சின் பிடியும் விட்டுப்போய் உருண்டுகொண்டே இருக்கும். இந்தக் காரணத்தால் உங்கள் மனைவியையே வாத்தியாராக வைத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாலையைப் பற்றி அவரிடம் எவ்வளவோ கற்றுக்கொள்ளலாம். கிளட்ச்சை மட்டும் கியர் வண்டிக்காரர் ஒருவரிடம் படியுங்கள். கத்துகிறவர், 'விடு, விடு' என்று பின்னாலிருந்து தள்ளுகிறவர் வேண்டாம்.

ஸ்கூட்டி வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் கையில் ஸ்ப்ளெண்டர் இருக்கிறது, தினம் 28 கிலோமீட்டர் கிராமச் சாலை. பெரிய சக்கரம் குழியில் அவ்வளவாக விழாது. பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். குதிரைத்திறன் 8-ஐ ஒட்டித்தான், எடை 110 கிலோ அளவு. புதிதாகக் கற்பவருக்கு இதைவிடப் பொறுமையான வண்டி கிடைப்பது கஷ்டம்.

முதலில் வண்டியும் காகிதமும்

ஒன்றரை வருஷம் நின்ற வண்டியை உதைத்துக் கிளப்பப் பார்க்காதீர்கள். பழைய பெட்ரோலை வடித்து, கார்புரேட்டரைக் கழுவி, ஆயில் மாற்றி, பேட்டரி, டயர், பிரேக் ஷூ எல்லாவற்றையும் மெக்கானிக் பார்க்கட்டும். ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கிளட்ச் கேபிளைக் கேட்காமலே புதிதாக மாற்றிவிடுங்கள். துரு ஏறிய கேபிளில் லீவர் விட்டுவிட்டுத்தான் நகரும். அதில் கற்றுக்கொண்டால் பிழை கையிலா கேபிளிலா என்றே தெரியாது.

காகிதத்தில் மூன்று வேலை. வண்டியின் 15 ஆண்டுப் பதிவுக்காலம் 2024-லேயே முடிந்திருக்கும், புதுப்பிக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தை அப்பா பெயரிலிருந்து வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் நடப்பில் இருக்க வேண்டும். இவை இல்லாமல் ஏதாவது நடந்தால் இழப்பீடு கேட்டு அலைவது பெரும்பாடு.

உங்களுக்கான எல்.எல்.ஆர். 'கியருள்ள மோட்டார் சைக்கிள்' பிரிவில் வாங்குங்கள். அந்த லைசென்ஸ் ஸ்கூட்டிக்கும் செல்லும். 40 வயதைத் தாண்டியவர் என்பதால் படிவம் 1ஏ-வில் மருத்துவச் சான்றும் கேட்பார்கள். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். அதுவரை முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' ஒட்டியிருக்க வேண்டும். சொல்லித்தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது.

ஹெல்மெட்டை இப்போதே வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, முகம் முழுக்க மூடுவது. போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. கன்னத்தை லேசாக அமுக்க வேண்டும். வார் பூட்டாத ஹெல்மெட் விழும்போது உங்களுக்கு முன்னால் அதுதான் கழன்று ஓடும்.

எஞ்சின் போடாத முதல் நாள்

காலையில் ஆளில்லாத பள்ளி மைதானமோ களமோ போதும். தரை கெட்டியாக இருக்க வேண்டும், மணல் ஆகாது.

முதல் நாள் சாவியே வேண்டாம். வண்டிக்கு இடது பக்கம் நின்று, நியூட்ரலில் தள்ளிக்கொண்டு மைதானத்தை நாலு சுற்று வாருங்கள். எந்த அளவு சாய்ந்தால் கனம் கைக்கு வருகிறது என்பது அப்போதுதான் உடம்புக்குத் தெரியும். தள்ளும்போதே வலது கையால் முன் பிரேக்கை மெதுவாக அமுக்கி நிறுத்திப் பாருங்கள். அடுத்து ஹேண்டிலை ஒரு பக்கம் ஒடித்துவைத்துக்கொண்டு அதே பிரேக்கைப் பிடியுங்கள். வண்டி அந்தப் பக்கமாகச் சரியப் பார்க்கும். மைத்துனர் சொல்கிற பயத்தின் மூலம் இதுதான்.

அவர் பாதி சரி. வண்டி வேகம் குறையும்போது கனமெல்லாம் முன் சக்கரத்தின் மேல் இறங்குகிறது. அதனால் நிறுத்தும் பலத்தில் பெரும்பகுதி முன்னால்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் சக்கரம் தேய்த்துக்கொண்டே போய் இடிப்பார். முன்னும் பின்னும் சேர்த்துப் பிடியுங்கள். எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி, தொடங்கும்போது மெதுவாக, பிறகு இறுக்கமாக. அப்பா வண்டியில் முன்னாலும் டிரம் பிரேக்காகத்தான் இருக்கும். டிஸ்க் அளவுக்குச் சட்டென்று கவ்வாது. மைத்துனர் பேச்சைக் கேட்க வேண்டிய இடங்கள் இரண்டு: ஹேண்டில் ஒடிந்திருக்கும்போதும், மணலிலும் சேற்றிலும் முன் பிரேக்கை இறுக்காதீர்கள். என் முதல் விழுதல் அப்படித்தான், டீக்கடை வாசல் மணலில், நடக்கிற வேகத்தில். நான் விழுந்தது ஒரு கணம். கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

இரண்டாம் நாள்: பத்தடி

எஞ்சினைப் போடுங்கள். உங்கள் ஸ்ப்ளெண்டரில் நாலு கியரும் ஒரே பக்கம்: கால் முன்பகுதியால் அமுக்கினால் ஏறும், குதிகாலால் பின்னால் அமுக்கினால் இறங்கும். முதல் கியர் போட்டுவிட்டு, வலது கையை ஆக்சிலேட்டரிலிருந்து விலக்கி முன் பிரேக் லீவர் மேல் வையுங்கள். ஆமாம், ஆக்சிலேட்டர் இல்லாமலே.

இப்போது இடது கையை மயிரிழை மயிரிழையாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கம்மும், வண்டி மூச்சுவிட்ட மாதிரி லேசாக முன்னால் நகரும். அங்கேயே கையை நிறுத்துங்கள். பட்டறையில் இதைத்தான் 'கிளட்ச் பிடிக்கிற இடம்' என்போம். சமதரையில் ஆக்சிலேட்டர் தொடாமலே அது உங்களைத் தூக்கிக்கொண்டு நகரும். இரண்டு காலும் தரையில் நடந்துவர, பத்தடி போங்கள். கிளட்ச்சை முழுக்கப் பிடித்து, பிரேக் போட்டு நில்லுங்கள். மறுபடி பத்தடி. ஐம்பது தடவை. வண்டி ஆஃப் ஆனால் ஆகட்டும்; கை சீக்கிரம் விட்டதற்கு வண்டி சொல்கிற பதில் அது.

சலிப்பாக இருக்கும். ஆனால் ஐம்பதாவது தடவைக்குள் கையில் ஒன்று பதிந்துவிடும்: திகைத்தால் இடது கை கிளட்ச்சைப் பிடிக்கும். 19 வயதில் உங்களுக்கு இல்லாமல் போனது அதுதான்.

மூன்றாம் நாள் காலைத் தூக்கி ஃபுட்ரெஸ்டில் வையுங்கள், ஆக்சிலேட்டரும் வரலாம். பிடிக்கும்போதே மணிக்கட்டு கைப்பிடியின் உயரத்துக்குக் கீழே தாழ்ந்து இருக்கட்டும். அப்படிப் பிடித்த கை பயத்தில் இறுகினாலும் மேற்கொண்டு முறுக்க அதற்கு இடம் இருக்காது. இரண்டாம் கியர் வந்ததும் எட்டுப் போடப் பழகுங்கள். ஆர்.டி.ஓ. தேர்வுக்கு அதுதான் வேண்டும். கொஞ்சம் ஆக்சிலேட்டர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் லேசாகக் கால். கண் மட்டும் முன் சக்கரத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்து எங்கே திரும்பப் போகிறீர்களோ அங்கே பாருங்கள். சாலையிலும் இதே கதைதான்: குழியையே முறைத்துக்கொண்டு போனால் குழிக்குள்தான் போவீர்கள்.

சாலைக்கு வந்தபின்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தொடங்குங்கள். 40 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 11 மீட்டர். ஆட்டுக்குட்டி குறுக்கே வருவதைக் கண் பார்த்து, கை பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு பஸ் நீளத்துக்குப் போயிருப்பீர்கள். வண்டி நிற்பதற்கான தூரம் அதற்கு மேல். வேகம் இரண்டு மடங்கானால் இந்த இரண்டாவது தூரம் நாலு மடங்காகும். முதல் மூன்று மாதம் 40-ஐத் தாண்டாதீர்கள். 14 கிலோமீட்டருக்கு அரைமணி கூட ஆகாது.

உங்கள் ஊர்ச் சாலைக்கென்று சில கண்ணிகள் உண்டு. அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். இரண்டின் மேலும் டயர் பிடிக்காது. நடவுக் காலத்தில் கேஜ் வீல் போட்ட டிராக்டர் வயலிலிருந்து ஏறிய இடத்தில் களிமண் கட்டிகட்டியாக விழுந்திருக்கும். அதன்மேல் ஒரு தூறல் விழுந்தால் சோப்புதான். இங்கெல்லாம் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டு, மேலே போகும்போது ஹேண்டிலை நேராக வைத்து, பிரேக்கைத் தொடாமல் ஒரே சீராகக் கடந்துவிடுங்கள். வாய்க்கால் ஓரச் சாலையில் எதிரே பஸ் வந்தால் ஓரத்து மண்ணில் இறங்க அவசரப்படாதீர்கள். முன்னதாகவே நின்று வழிவிடுங்கள். கிளம்புவதற்கு முன் சைடு ஸ்டாண்டை எடுத்தோமா என்று காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டும் மழையும் பகலில் கை பழகிய பிறகு.

டபுள்ஸ் கடைசிப் பாடம். லைசென்ஸ் வந்து, ஒரு இரண்டு மாதம் தனியாக ஓட்டிய பிறகு மனைவியை ஏற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் இவ்வளவு நாள் பின்சீட்டில் உட்கார்ந்து போனது வீணில்லை. கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் பின்னால் இருப்பவர் எப்படி மல்லாந்து போவார், பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் தலை எங்கே வந்து இடிக்கும் என்பது சைக்கிளிலிருந்து நேராக ஸ்ப்ளெண்டருக்கு வந்த எவருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தும்போது அவர் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் இடிக்காமல் நிறுத்திப் பாருங்கள். ஆர்.டி.ஓ. போடச் சொல்லும் எட்டைவிடக் கஷ்டமான பரீட்சை அது.