அறிவு தளரும் முதுமையும் அமானிதம் பேணும் ஆலோசகரும்

முதுமையில் வரும் மறதியெல்லாம் நோயாகிவிடாது. கடையில் நூறு ரூபாய்த் தாளைத் தந்துவிட்டு மீதி வாங்க மறப்பது எவர்க்கும் இயல்பு. மீதி எவ்வளவு என்று கணக்கிடவே இயலாமற்போவது நோயின் அறிகுறியாகலாம். 'டிமென்ஷியா' எனப்படும் மறதி நோய் மூளையின் உயிரணுக்கள் சிதைவதால் விளைவது. 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோயே இதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது.

பணத்தைக் கையாளும் திறன் இந்நோயில் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தளர்கிறது. எனவே, வீட்டார் அறியுமுன் நிதி ஆலோசகர் மாற்றத்தைக் காணக்கூடும். இதனைக் கருதியே பிரிட்டனில் ஆலோசகர்களுக்கு மறதி நோய் பற்றிய பயிற்சி அளிக்கப்படுகிறது. நலிவுற்ற வாடிக்கையாளரின் தேவையை உணரும் திறன் ஊழியர்க்கு வேண்டும் என அங்குள்ள நிதி நடத்தை ஆணையம் 2021-இல் நெறிமுறை வகுத்தது.

ஆலோசகர் கவனிக்க வேண்டியவை சில உள. ஒரே சந்திப்பில் அதே வினா மீண்டும் மீண்டும் எழுதல், முன்பு முடிவு செய்ததை அறவே மறத்தல், காரணமின்றிப் பெருந்தொகை எடுத்தல், உடன்வந்த புதியவர் ஒருவரே முதியவருக்காகப் பேசுதல் என்பன அவை. இவற்றைக் கண்டதும் நோயென்று தீர்ப்பளித்தல் ஆலோசகர் பணியன்று, அது மருத்துவர்க்குரியது. அமைதியான அறையில் ஒரு வேளைக்கு ஒரு பொருளையே பேசுதலும், கேட்டதை முதியவர் தம் சொற்களிலேயே திருப்பிக் கூறச் செய்தலும், உரையாடலை எழுதி வைத்தலும் அவர் கடமைகளாம்.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்குரிய 2005-ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், திறனில்லை என நிறுவப்படும்வரை ஒருவரைத் திறனுடையவராகவே கொள்ளப் பணிக்கிறது. விவேகமற்ற முடிவொன்றை எடுத்தார் என்பதாலேயே அவரைத் திறனற்றவர் எனலாகாது. முதியவரின் பொருளைக் காக்கப் புகுந்து அவருடைய உரிமையைப் பறித்துவிடலாகாது என்பதே இதன் உட்கிடை.

நம் நாட்டு நிலை வேறு. இங்கிலாந்தில் முறைப்படி பதிவு செய்த நிலைத்த அதிகாரப் பத்திரம், கொடுத்தவர் மனத்திறன் இழந்த பின்னரும் செல்லும். இந்தியாவிலோ, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் முகவரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. மகனுக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர் இதனை அறிதல் வேண்டும். வஸிய்யத்தோ ஹிபாவோ தெளிந்த நிலையில் செய்யப்படாவிடின், பின்னர் உடன்பிறந்தார் வழக்குமன்றம் ஏற நேரும். பொருளோடு உறவும் அழியும்.

கடனை எழுதிவைக்கப் பணிக்கும் திருமறையின் அல்பகரா அத்தியாயம் 282-ஆம் வசனம், அறிவோ ஆற்றலோ குன்றி வாசகம் சொல்ல இயலாதவரையும் மறக்கவில்லை. அவருடைய பொறுப்பாளர் நீதியோடு வாசகம் சொல்லவும், சாட்சிகள் இருக்கவும் அது வழிகாட்டுகிறது. தளர்ந்தவரின் பொருள் நம்மிடம் உள்ள அமானிதம் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த வேண்டுவதில்லை.

இப்பயிற்சியில் மொழிக்கும் பெரும்பங்கு உண்டு. வங்கிப் படிவமும் காப்பீட்டுப் பத்திரமும் ஒரு முதியவருக்கு விளங்கும் தமிழில் அமைதல் வேண்டும். தமிழ் பயிலும் மாணவர்கள் இப்பணியில் இறங்கலாம். இன்று மாலையே வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து, அவர் கையொப்பமிட்ட தாளொன்றை அவருக்குப் பொறுமையாய்ப் படித்து விளக்குவோமாக!