எண்ணும் விதியும்

ஆட்டக்களத்து நிகழ்ந்தவற்றை நெடுங்காலம் காப்பன எண்களே. ஆடினோர் மறைவர், கண்டோர் மறப்பர், பட்டியலில் எழுதப்பெற்ற எண்ணோ நிலைபெறும். ஆயினும் அவ்வெண் தனித்து நின்று முழு உண்மையும் உரைக்குமோ? இங்கிலாந்தின் கால்பந்து லீக் முதற்பிரிவில் 1923–24-ஆம் ஆண்டுப் பருவத்தின் முடிவைக் கொண்டு யாம் இதனை ஆராயப் புகுகின்றோம்.

அப்பருவத்தில் ஹட்டர்ஸ்பீல்டு டவுன் கழகமும், வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த கார்டிப் சிட்டி கழகமும் முதலிடத்துக்குப் போட்டியிட்டன. வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று என்பது அக்கால விதி. 42 ஆட்டங்களில் ஹட்டர்ஸ்பீல்டு 23 வெற்றியும் 11 சமநிலையும், கார்டிப் 22 வெற்றியும் 13 சமநிலையும் எய்தின. ஆகவே இரண்டுக்கும் 57 புள்ளிகளே.

புள்ளிகள் ஒத்தவிடத்து, அடித்த கோல்களை எதிரிக்கு விட்ட கோல்களால் வகுத்து, ஈவு மிக்க கழகத்துக்கே பட்டம் அளித்தனர். ஹட்டர்ஸ்பீல்டு 60 அடித்து 33 விட்டது, ஈவு 1.818. கார்டிப் 61 அடித்து 34 விட்டது, ஈவு 1.794. இவ்வாறு 0.024 என்னும் சிறு பின்னத்தால் பட்டம் ஹட்டர்ஸ்பீல்டைச் சேர்ந்தது. கடைசி நாளில் அக்கழகம் நாட்டிங்காம் பாரஸ்டை 3–0 என வென்றது. மூன்றாவது கோல் விழாதிருப்பின் ஈவு 1.788 ஆகிப் பட்டம் கைநழுவியிருக்கும். அதே நாளில் பர்மிங்காமில் கார்டிப் ஒரு பெனால்டி உதையை வீணாக்கி, கோலின்றிச் சமநிலையில் முடித்தது.

இனி, பிற்கால விதிகளை அவ்வெண்களுக்கே பொருத்திப் பார்ப்போம். 1976-இல் வகுத்தல் நீங்கிக் கழித்தல் வந்தது. அதன்படி இரண்டுக்கும் மிச்சம் 27. அதுவும் ஒத்தமையின், ஒரு கோல் மிகுதியாக அடித்த கார்டிப்பே முதலிடம் பெறும். 1981-இல் வெற்றிக்கு மூன்று புள்ளி என்றாயிற்று. அதன்படி ஹட்டர்ஸ்பீல்டு 80, கார்டிப் 79. பட்டம் மீண்டும் ஹட்டர்ஸ்பீல்டுக்கே. ஆட்டங்கள் அவையே, கோல்களும் அவையே. விதி மாற முடிவும் மாறுகின்றது. விதி வேறாயின் ஆடுவோரும் வேறுவகையாய் ஆடியிருப்பர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

ஹட்டர்ஸ்பீல்டு 1925-இலும் 1926-இலும் மீண்டும் பட்டம் வென்றது. தொடர்ந்து மும்முறை வென்ற முதற்கழகம் என்னும் அதன் பெரும்புகழ் அச்சிறு பின்னத்தின்மேல் நிற்கின்றது. கார்டிப்போ அப்பட்டத்தை இன்றளவும் பெற்றிலது. ஆகலின், சாதனைப் பட்டியல்களைக் கற்போர், எண்ணைப் போற்றுமுன் அதனைப் பிறப்பித்த விதியையும் நோக்குதல் கடன்.