மறுநாள் வரும் தசைவலி

பத்துமலையின் 272 படிகளையும் ஏறி, முருகனைத் தரிசித்துத் திரும்பியவர்கள் ஒரு விந்தையை உணர்ந்திருப்பர். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. இறங்குவதோ எளிதாகவே தோன்றுகிறது. ஆயினும், மறுநாள் தொடையைப் பிடித்துக்கொண்டு நடக்க வைப்பது பெரும்பாலும் ஏறிய ஏற்றமன்று, இறங்கிய இறக்கமே. இதன் காரணத்தை நாம் ஆராய்வோம்.

நம் உடலில் 600க்கும் மேற்பட்ட தசைகள் உண்டு. ஒவ்வொரு தசையும் மயிரினும் மெல்லிய இழைகள் பலவற்றின் கட்டாகும். ஓர் இழையை நுண்ணோக்கியில் நோக்கினால், அதனுள் சங்கிலியின் கண்ணிகளைப் போன்ற நுண்பகுதிகள் வரிசையாக அமைந்திருக்கக் காணலாம். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 400 கண்ணிகள் இருக்கும். ஒவ்வொரு கண்ணியிலும் இருவகைப் புரத நூல்கள் ஒன்றினூடே ஒன்று வழுக்கிச் செல்வதனாலேயே தசை சுருங்குகிறது.

நீர் நிறைந்த வாளியைத் தூக்கும்போது மேற்கையின் முன்புறத் தசை சுருங்குகிறது. அதே வாளியை மெல்லத் தரையில் இறக்கும்போது, அத்தசை தன் பிடியை விடாமலேயே நீள வேண்டியிருக்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் முழு வலிமையோடு இழுத்துக்கொண்டே எதிரணியின் பக்கம் இழுபடுகின்றவனின் நிலை அது. படியிறங்கும்போது முன்தொடைத் தசைக்கு ஒவ்வொரு படியிலும் இதுவே நேர்கிறது. மேலும், சுமையை இறக்கும் வேளையில் தசை தன் இழைகளுள் சிலவற்றையே பயன்படுத்துவதால், அவை ஒவ்வொன்றும் தாங்கும் பாரம் கூடுகிறது. வலுக்குறைந்த கண்ணிகள் அளவுமீறி இழுபட்டுச் சிதைகின்றன.

தசையினுள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களே மறுநாள் வலிக்குக் காரணமாகலாம் என்று அமெரிக்க அறிஞர் தியோடர் ஹஃப் 1902ஆம் ஆண்டிலேயே எழுதினார். எனினும், லாக்டிக் அமிலம் தேங்குவதாலேயே வலிக்கிறது என்று பலர் இன்றும் கூறுவர். நாமும் அவ்வாறு கேட்டு வளர்ந்தவர்கள்தாம்! அக்கருத்து பொருந்தாது. ஓய்வெடுத்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவ்வமிலம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். வலியோ 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தொடங்குகிறது. இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சமடைந்து, ஒரு வாரத்திற்குள் மறைகிறது. சிதைந்த இடத்தைச் செப்பனிட உடல் அனுப்பும் நீரும் வெள்ளணுக்களும் அங்கே கூடி, நரம்பு முனைகள் கூருணர்வு பெறுவதற்கு அத்துணை நேரம் பிடிக்கிறது.

செப்பனிடும் பணியில் பங்கு கொள்ளும் சிற்றுயிரணுக்களை 1961இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளையின் தசையில் கண்டறிந்தார். தசையிழையின் ஓரத்தில் உறங்குவனபோல் ஒட்டிக்கிடக்கும் இவை, இழைக்குச் சிதைவு நேர்ந்ததும் பெருகி, அதனோடு இணைந்து அதனைப் புதுப்பிக்கின்றன. ஒருமுறை இவ்வாறு சீரான தசை, அதே வேலையை மீண்டும் செய்யும்போது முன்னளவு வலிப்பதில்லை. இக்காப்பு பல வாரங்கள் நீடிக்கும். மேட்டுத் தோட்டத்தில் அன்றாடம் சுமையோடு சரிவில் இறங்கும் தொழிலாளிக்குத் தொடை வலிப்பதில்லை. நெடுநாள் விடுப்புக்குப்பின் வேலைக்குத் திரும்பும் முதல் வாரத்திலோ அவருக்கும் வலிக்கும்.

விளையாட்டுப் போட்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது திடீரென்று கடும் பயிற்சியில் இறங்கும் மாணவன், போட்டியன்று வலியின் உச்சத்தில் ஓடுகிறான். வலிமையும் அப்போது குறைந்தே இருக்கும். பல வாரங்களுக்கு முன்னரே சிறிது சிறிதாகத் தொடங்குவதே தக்கது. வலியென்று முனகும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிதல் வேண்டா; நாள் முழுதும் படுக்கையில் கிடத்தலும் வேண்டா. மெல்ல நடந்தால் வலி சற்றுத் தணியும். பாட்டி எண்ணெய் தேய்த்து இதமாக நீவிவிட்டாலும் நன்றே. அழுத்திப் பிசைதல் மட்டும் கூடாது.

ஓடும்போதே சுரீரென்று ஓரிடத்தில் தோன்றும் வலி இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது பெருங்கிழிசலாக இருக்கக்கூடும். கடும் உழைப்புக்குப்பின் தசை மிகவும் வீங்கி, சிறுநீர் தேநீர் நிறத்தில் வெளியேறினால், சிதைந்த தசையின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று ஐயுறவேண்டும். அந்நிலையில் பொழுது விடியட்டும் என்று காத்திராமல், உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.