பேருந்தை வீடாக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கரூர்ப் பட்டறையிலிருந்து நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கல்லூரிப் பேருந்தாக ஓடி ஓய்ந்த வண்டிக்குள் கட்டில், அடுப்படி, புத்தக அலமாரி என்று ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. தச்சு வேலை கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. லடாக் போகும் வழியில் வண்டி நின்றுபோனால் என்ன செய்வது, என்னென்ன உதிரிபாகங்கள் எடுத்துப்போவது என்று கேட்டிருக்கிறாய். பழைய பேருந்தை வாங்கி ஊர்சுற்றக் கிளம்பும் உன் வயதுப் பிள்ளைகள் பலர் இதையே கேட்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உதிரிபாகங்களைப் பிறகு பார்க்கலாம். வீடாக்கிய பேருந்துகள் வழியில் நிற்பதை நான் பார்த்தவரையில், பழுதுக்கான விதை பெரும்பாலும் பட்டறையிலேயே விழுந்திருக்கிறது. என்ஜினைக் குறை சொல்ல அவ்வளவாக இடமில்லை. லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட என்ஜின் அது. நாம் புதிதாகச் சேர்த்த வீடு பழைய வண்டியைத் தொடும் இடங்களில்தான் கோளாறு பிறக்கிறது. ஆகவே இப்போதே ஒரு விதி வைத்துக்கொள்: வீட்டில் எது கெட்டாலும் வண்டி ஓடவேண்டும், வண்டி நின்றாலும் வீட்டில் விளக்கு எரியவேண்டும், தண்ணீர் வரவேண்டும். கட்டும் ஒவ்வொரு பொருளையும் இந்த விதியில் வைத்துப் பார்.

மின்சாரத்தில் தொடங்கு. உன் பேருந்து 24 வோல்ட்டில் இயங்குவது. இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். விளக்கும் ஃபேனும் 12 வோல்ட்தானே, ஒரு பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துவிடலாம் என்று பட்டறையில் யாராவது சொல்வார்கள். விடாதே. அந்தப் பேட்டரி மட்டும் தினமும் இறங்கிக்கொண்டே போகும். டைனமோவுக்கு அது தெரியாது, இரண்டையும் ஒன்றாகவே சார்ஜ் செய்யும். இறங்கியது நிறையாது, நிறைந்திருந்தது மேலும் மேலும் ஏறிக் கொதிக்கும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். ஒருநாள் காலை, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில், செல்ஃப் எடுக்காது. வீட்டுக்குத் தனிப் பேட்டரி வை. கூரையில் சோலார் தகடு போடு. ஓடும்போது டைனமோவிலிருந்தும் சார்ஜ் வேண்டுமென்றால் அதற்கென உள்ள சார்ஜரை இடையில் வை. பேட்டரியை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு ஒயருக்கும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும். தகரத்தைத் துளைத்து ஒயர் போகும் இடமெல்லாம் ரப்பர் வளையம் போடச் சொல். அதிர்விலே தகர விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிடும், பிறகு நடப்பது பழுதல்ல, தீ.

அடுத்தது, கை போகும் வழி. உன்னுடையது முன்பக்க என்ஜின் வண்டி. கியர்பாக்ஸும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் காற்றுத் தொட்டிகளும் தரைக்கு அடியில் நீளமாக ஓடுகின்றன. தரையில் ஏற்கெனவே இருந்த மூடிகளை மேலே பலகை ஒட்டி மறைத்துவிடாதே. ஸ்பேனரைத் திருப்பும் அளவுக்கு இடம் வேண்டும். ஒட்டுவதற்குப் பதில் திருகாணி போடு. தரைக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் கட்டில் காலுக்குத் துளை போடாதே. நைலான் காற்றுக் குழாயைத் திருகாணி முனை தொட்டுக்கொண்டிருந்தால், அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆயிரம் கிலோமீட்டர் அதிர்ந்த பிறகு தெரியும்.

எடையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 500 லிட்டர் தண்ணீர் அரை டன். அதை வலதுபுறமே வைத்து, அடுப்படியையும் பேட்டரிகளையும் வலதுபுறமே கட்டினால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டையும் டயரும் என்ன பாடுபடும்! வேலை முடிந்ததும் தண்ணீரும் சாமானும் ஏற்றி, எடை மேடையில் முன் அச்சைத் தனியாக, பின் அச்சைத் தனியாக நிறுத்திப் பார். டயர் வெடிப்பு விதியல்ல, கணக்கு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, இப்படி மாற்றிய வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும், ஆர்.சி.யில் அது பதிவாகவும் வேண்டும். இல்லாவிட்டால் விபத்தென்று வரும் நாளில் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். ஏலத்தில் வரும் பழைய அரசுப் பேருந்தைத் தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை.

இனி சாலைக்கு வருவோம்.

வண்டி சொல்லாமல் நிற்பது அபூர்வம். வெப்பமானி முள் ஏறும், ஒரு வாடை வரும், நேற்று இல்லாத ஒரு சத்தம் கேட்கும். அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று தோன்றும் அந்த நிமிடத்திலேயே ஒதுங்க இடம் தேடு. திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒன்றின் நடுவே உன் பேருந்து நின்றால் மேலேயும் கீழேயும் எல்லோரும் நிற்பார்கள். சுற்றிலும் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம், இருட்டினால் யானை இறங்கும். பண்ணாரியிலேயே சந்தேகம் வந்திருந்தால் பண்ணாரியிலேயே நின்றுவிடு.

நெடுஞ்சாலையில் நிற்க நேர்ந்தால் முதலில் மனிதர்களை இறக்கு. வீடாக்கிய பேருந்துக்கே உரிய ஆபத்து இது. மற்ற வண்டி நின்றால் எல்லோரும் இறங்கி ஓரம் போவார்கள். இதுவோ வீடு, கட்டில் இருக்கிறது, நிழல் இருக்கிறது, உள்ளேயே இருந்துவிடத் தோன்றும். பின்னால் வரும் லாரிக்காரர் கண்ணயர்ந்தால் அந்தக் கட்டிலின் மேல்தான் ஏறுவார். இடது கதவால் இறங்கி, தடுப்புக்கு அப்பால் போகவேண்டும், குழந்தை தூங்கினாலும் தூக்கிக்கொண்டு. சிவப்பு முக்கோணத்தைப் பக்கத்திலே வைக்காமல் நன்றாகப் பின்னால் தள்ளி வை. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் பேசு. நம் ஊரில் மரக்கிளையும் கல்லும் வைக்கும் பழக்கம் உண்டு. கிளை வைத்துக்கொள், கல் வேண்டாம். அவசரத்தில் வைத்த கல்லை வண்டி கிளம்பும் மகிழ்ச்சியில் மறந்துவிடுகிறார்கள். இரவில் அதில் மோதி விழுவது பைக்கில் வேலை முடித்து வீட்டுக்குப் போகும் யாரோ ஒருவர்.

பிறகு பத்து நிமிடம் எதையும் தொடாதே. நிற்பதற்கு முன் என்ன நடந்தது என்று வண்டியில் இருந்த எல்லோரிடமும் கேள். ஓட்டியவருக்குத் தெரியாதது பின் கட்டிலில் படுத்திருந்தவருக்குக் கேட்டிருக்கும். புகை கறுப்பா? காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலமா? என்ஜின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது, மேலே ஓட்டாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதை நோட்டில் எழுது. மூன்றை ஒன்றாக மாற்றி வண்டி கிளம்பினால், எது காரணம் என்று அடுத்த முறையும் உனக்குத் தெரியாது.

காற்று பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், உயிர் அதில்தான் இருக்கிறது. காற்று மீட்டர் முள் 8 கிலோவை ஒட்டி நிற்பது வழக்கம். தினமும் காலையில் காற்று நிறைந்ததும் என்ஜினை நிறுத்திவிட்டு முள்ளைக் கவனி. டீ குடித்துவிட்டு வந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். தொட்டிகளில் சேரும் நீரை அடிக்கடி திறந்துவிடு, குளிர்ப் பிரதேசத்தில் அது குழாயிலேயே உறைந்துவிடும். உன் வண்டியில் ஸ்பிரிங் பிரேக் இருந்தால், காற்று போனதும் ஸ்பிரிங் தானாகப் பின்சக்கரத்தை இறுக்கிக்கொள்ளும். வண்டி அசையாது. அப்படித்தான் இருக்க வேண்டும். இழுத்துச் செல்வதற்காக அதைப் போல்ட் போட்டு விடுவிக்க முடியும், ஆனால் விடுவித்த மறுநொடி அந்தச் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. முதலில் சக்கரங்களுக்குக் கட்டை வை, பிறகு போல்ட்டைத் தொடு. அந்த பிரேக் சேம்பரை மட்டும் நீயாக ஒருபோதும் பிரிக்காதே. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

டீசல் பக்கம் வந்தால், பழைய பம்ப் என்ஜினும் இப்போதைய காமன் ரெயில் என்ஜினும் வேறு வேறு உலகம். பழையதில் ஏர் பிடித்துக்கொண்டால் ஃபில்டர் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, நுரையில்லாமல் டீசல் வரும்வரை விட்டு இறுக்கினால் போதும். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க ஓடும் என்ஜினில் குழாய் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அந்தக் கைப்பழக்கத்தைக் காமன் ரெயிலில் காட்ட யாரையும் விடாதே. அந்தக் குழாயில் ஓடுவது ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தம், ஊசிமுனைக் கசிவு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். உன் என்ஜின் எந்த வகை என்று உன் வாயால் நீ சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

லடாக் உயரத்தில் இன்னும் இரண்டு சங்கதிகள். 5,000 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 83 டிகிரியிலேயே கொதிக்கும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது, அது பரவாயில்லை. ரேடியேட்டர் மூடிதான் உள்ளே அழுத்தம் காத்துக் கொதிநிலையை உயர்த்தி வைக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் சமவெளியில் சமாளித்த வண்டி அங்கே பொங்கும். கிளம்பும் முன் புது மூடி போடு. சூடான மூடியைத் திறக்காதே. குளிர்காலத்தில் போவதானால் சாதாரண டீசல் கெட்டித்துப்போகும். இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலைக் கொண்டுவந்தது. கீழே நிரப்பிய டீசலோடு மேலே போய் இரவு தங்காதே, அங்கே கிடைப்பதை நிரப்பு.

உதிரிபாகம் கேட்டாயே. ஃபேன் பெல்ட், கூலன்ட் ஹோஸ்கள், டீசல் ஃபில்டர்கள், நைலான் காற்றுக் குழாய் கொஞ்சம், அதன் இணைப்பான்கள், பிரேக் டயாஃப்ரம், ஃபியூஸ், ரிலே, பல்பு, ஆயில், கூலன்ட், கட்டுக்கம்பி. நல்ல ஸ்டெப்னி. எடை தாங்கும் ஜாக்கி, அதன் அடியில் வைக்கக் கனத்த பலகை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதே. டயர் மாற்றினால் நூறு கிலோமீட்டருக்குள் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்கு. இதற்கு மேல் சுமக்க வேண்டாம். லேலண்ட், டாடா என்ஜினை நாமக்கல்லிலும் பிரிப்பார்கள், நாக்பூரிலும் பிரிப்பார்கள். அதனால்தான் என்ஜினிலும் பிரேக்கிலும் புதுமை எதுவும் செய்யாதே என்கிறேன். உன் கற்பனை முழுவதும் தரைக்கு மேலே இருக்கட்டும்.

சாலையோரப் பட்டறை மனிதர்களிடம் மரியாதையாக இரு. இணையத்தில் பார்த்ததை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்காதே. என்ன கேட்டது, என்ன மணத்தது என்று சொல், பக்கத்தில் நின்று பார், கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள். நள்ளிரவில் எழுந்து வந்தவருக்குக் கேட்ட கூலியைக் கொடு. மொழி தெரியாத ஊரில் கையில் இருக்கும் உடைந்த பாகமே உனக்காகப் பேசும். கிரேன் வைத்து இழுக்கும் நிலை வந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றச் சொல். என்ஜின் நின்றிருக்கச் சக்கரம் மட்டும் சுழன்றால் கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஏறாது, ஒரு பழுது இரண்டாகும்.

உன்னோடு வருபவர்களிடம் இப்போதே பேசி வேலையைப் பிரித்துக்கொள்: யார் முக்கோணம் வைப்பது, யார் குழந்தையைப் பார்ப்பது, யார் போன் செய்வது. வெயிலில் நின்றபின் பேசினால் சண்டையாகும். பொழுது சாய்ந்துவிட்டால், பாதுகாப்பான இடமென்றால், பழுதைக் காலைக்குத் தள்ளிவைத்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குங்கள். தனிப் பேட்டரி வைக்கச் சொன்னது அந்த இரவுக்காகவும்தான்.

பெயின்ட் அடிக்கும் முன், தண்ணீரும் சாமானும் முழுச் சுமையோடு ஏற்காடு ஏறி இறங்கு. 20 கொண்டை ஊசி வளைவுகள் போதும். இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்கு, பிரேக்கைத் தேய்க்காதே. அடிவாரத்தில் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையை நீட்டு, தொடாமல். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் குறித்துக்கொள். கரூருக்குத் திரும்பியதும் தரை மூடிகளை எல்லாம் திறந்து டார்ச் அடித்துப் பார்த்து, கண்டதை எழுதி அனுப்பு. லடாக் தேதியை அதன் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்