மீல் மேக்கரைத் தட்டின் ஓரம் ஒதுக்கும் முன்

புதன்கிழமை இரவு எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு வந்து பாருங்கள். சப்பாத்தியும் மீல் மேக்கர் குருமாவும் போடும் நாள். தட்டுக் கழுவும் இடத்தில் வைத்திருக்கும் பக்கெட்டை எட்டிப் பார்த்தால் சப்பாத்தி இருக்காது, குருமா இருக்காது. பழுப்பு உருண்டைகள் மட்டும் மிதக்கும். "ஏம்ப்பா இதை மட்டும் கொட்டுற?"ன்னு ஒரு முதல் வருஷப் பையனைக் கேட்டேன். கொஞ்சம் வெட்கத்தோட சொன்னான்: "அண்ணா, அதைச் சாப்பிட்டா பசங்களுக்கு நெஞ்சு வளருமாம். கவுண்ட்டும் குறையுமாம்." பக்கத்தில் இருந்தவனும் ஆமா ஆமான்னு தலையாட்டினான்.

இதில் சிக்கல் என்னவென்றால் அந்தப் பையன் சுத்த சைவம். முட்டை கூட இல்லை. காலையில் பொங்கல், மதியம் சாதம், ரசம், தண்ணியா ஒரு சாம்பார். வாரத்தில் அவன் தட்டில் விழும் கெட்டியான புரதம் அந்தப் பழுப்பு உருண்டைதான். அதைத்தான் கொட்டுகிறான்.

அதே மாடியில் இன்னொருத்தர் இருக்கிறார், ஃபைனல் இயர், ஜிம் பார்ட்டி. காலை, மதியம், இரவு என்று ஒரு நாளைக்கு 150 கிராம் மீல் மேக்கர். அது போதாதென்று சோயா பீன்ஸை வாங்கி, பச்சைப்பயறு மாதிரி முளைகட்டி, வேக வைக்காமல் அப்படியே மென்று தின்பார். ஒருத்தர் பயத்தில் கொட்டுகிறார், இன்னொருத்தர் ஆசையில் அள்ளுகிறார். ரெண்டு பேரும் தப்புக் கணக்குதான் போடுகிறார்கள் என்பது என் கருத்து. கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்ப்போம், வாங்க.

முதலில் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அது முழுக்கக் கட்டுக்கதை இல்லை. சோயாவில் ஐசோஃப்ளேவோன் என்ற சேர்மங்கள் இருக்கின்றன. ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் என்ற இரண்டும் முக்கியமானவை. இவற்றின் மூலக்கூறு வடிவம் பெண்களின் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைக் கொஞ்சம் ஒத்திருக்கும். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் ஈஸ்ட்ரோஜனுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகைப் பூட்டுகள் உண்டு. ஈஸ்ட்ரோஜன்தான் அசல் சாவி, இரண்டையும் நன்றாகத் திறக்கும். சோயாவின் ஐசோஃப்ளேவோன் பக்கத்து வீட்டுச் சாவி மாதிரி. துளைக்குள் போகும், பீட்டா பூட்டில் கொஞ்சம் திரும்பும், ஆல்ஃபாவில் தடுமாறும். மொத்தத்தில் அசல் சாவியை விடப் பல மடங்கு பலவீனமானது. "சோயாவில் பெண் ஹார்மோன் இருக்கு" என்று சுற்றும் செய்தி தப்பாவது இந்த இடத்தில்தான். இருப்பது ஹார்மோன் இல்லை, ஹார்மோனின் சாயல்.

சாயல் மட்டுமே போதுமா, ஒரு மிருகத்தை மலடாக்க? போதும், சில நேரம். 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வகை தீவனப்புல்லை மேய்ந்த ஆடுகள் கூட்டம் கூட்டமாகச் சினை பிடிக்காமல் போயின. அந்தப் புல்லில் இதே குடும்பத்துச் சேர்மம் இருந்தது. 1987-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் உயிரியல் பூங்காச் சிவிங்கிப்புலிகளுக்குக் குட்டி பிறக்காததற்கும் ஈரல் கெட்டுப்போவதற்கும், அவற்றின் உணவில் கலந்த சோயா காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். இந்த இரண்டு கதைகளும் உண்மை. ஆனால் ஆடு நாள் முழுக்க அதையே மேய்ந்தது. பூனைக் குடும்பத்து ஈரலுக்கோ இந்தச் சேர்மங்களைப் பக்குவப்படுத்தி வெளியே தள்ளும் திறன் ரொம்பக் குறைவு. நம் ஈரல் அந்த வேலையைச் செய்துவிடும். சிவிங்கிப்புலியை வைத்து மனுஷனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது.

சரி, மனுஷனுக்கு நடந்ததைப் பார்ப்போம். நெஞ்சு வளர்ந்த கதைக்கு மூலமாகச் சொல்லப்படுவது 2008-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஒற்றை நோயாளியின் குறிப்பு. அமெரிக்காவில் 60 வயது ஆண். மார்பு வீங்கி வலித்தது. விசாரித்ததில் அவர் தினமும் சுமார் 2.8 லிட்டர் சோயா பால் குடித்து வந்தது தெரிந்தது. நிறுத்தினார், சரியாகிவிட்டது. 2.8 லிட்டர்! நாம் ஒரு நாளைக்குத் தண்ணீரே அவ்வளவு குடிப்பதில்லை. அந்த அளவில் உள்ளே போன ஐசோஃப்ளேவோன் ஏறக்குறைய 360 மில்லிகிராம் என்று பிறகு மதிப்பிட்டார்கள்.

இப்போது நம்ம மெஸ். மாஸ்டரிடம் கேட்டேன். முந்நூறு பேருக்கு ஆறு கிலோ காய்ந்த மீல் மேக்கர் ஊற வைக்கிறார்கள். ஆளுக்கு 20 கிராம். பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் 100 கிராமுக்குப் புரதம் 52 கிராம் என்று போட்டிருக்கும். ஆக 20 கிராமில் பத்து கிராம் சொச்சம். ஒரு கிராம் சோயா புரதத்துக்கு ஐசோஃப்ளேவோன் 3.5 மில்லிகிராம் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. தொழிற்சாலையில் பதப்படுத்தும்போது இதில் கொஞ்சம் குறையும், ஆனாலும் முழுசாகவே வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 36 மில்லிகிராம். அந்த அமெரிக்கருக்குப் போனதில் பத்தில் ஒரு பங்கு, அதுவும் வாரத்துக்கு ஒரு நாள். ஜப்பானில் பெரியவர்கள் தோஃபு, மிசோ, நாட்டோ என்று சராசரியாகத் தினமும் 30 முதல் 50 மில்லிகிராம் சாப்பிடுகிறார்கள். நாம் புதன்கிழமை பயந்து கொட்டுவது அவர்களுடைய ஒரு நாள் கணக்கு.

விந்தணு விஷயம் இதை விடக் கொஞ்சம் நுணுக்கமானது. 2008-ல் பாஸ்டனில் குழந்தையின்மைக்குச் சிகிச்சைக்கு வந்த 99 ஆண்களைப் பார்த்தார்கள். சோயா அதிகம் சாப்பிட்டவர்களுக்கு விந்தணு அடர்த்தி குறைவாக இருந்தது. செய்தித்தாள்கள் இதோடு நின்றுவிட்டன. விந்தணுவின் அசைவிலும் வடிவத்திலும் வித்தியாசம் இல்லை என்பதும், வந்தவர்களில் பெரும்பாலோர் அதிக எடை உள்ளவர்கள் என்பதும் தலைப்புச் செய்தி ஆகவில்லை. ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது வேறு, ஆட்களுக்குச் சோயாவைக் கொடுத்து அளந்து பார்ப்பது வேறு. அப்படி அளந்த ஆய்வுகளைத் திரட்டி 2010-ல் ஒரு தொகுப்பு வந்தது. 2021-ல் 41 ஆய்வுகளைச் சேர்த்து இன்னொன்று வந்தது. சோயா உணவோ ஐசோஃப்ளேவோன் மாத்திரையோ ஆண்களின் டெஸ்டோஸ்டிரோனை மாற்றவில்லை என்பதுதான் இரண்டிலும் முடிவு. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரில் அரியர் வைத்தவர்களுக்குக் கூட இதில் எதை நம்புவது என்று தெரியும்.

பெண்கள் ஹாஸ்டலில் கேள்வி வேறு. "எங்க வீட்டுல மார்பகப் புற்றுநோய் வந்திருக்கு, நான் சோயா தொடலாமா?" ஷாங்காயில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-ல் வெளியிட்டார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் நோய் திரும்புவதும் இறப்பும் குறைவாகவே இருந்தன. அது சாப்பாட்டுக்குப் பொருந்தும். கடையில் விற்கும் ஐசோஃப்ளேவோன் மாத்திரைக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். அதை டாக்டரிடம் கேளுங்கள்.

அப்போ சோயாவில் கெடுதலே இல்லையா? இருக்கு. வாட்ஸ்அப்பில் வராத கெடுதல்கள்.

முதலாவது தைராய்டு. 1950-களின் கடைசியிலும் 1960-ஐ ஒட்டியும் அமெரிக்காவில் சோயா மாவுப்பால் மட்டுமே குடித்த சில குழந்தைகளுக்குக் கழுத்துக் கழலை வந்தது. அயோடின் சேர்த்ததும் பிரச்சினை தீர்ந்தது. அயோடின் உப்புச் சாப்பிடும், தைராய்டு நன்றாக வேலை செய்யும் ஆளுக்குச் சோயா தொந்தரவு தருவதில்லை. ஆனால் தைராக்ஸின் மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். சோயா அந்த மருந்தைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். வெறும் வயிற்றில் மாத்திரை போட்ட கையோடு சோயா பால் குடித்தால் மாத்திரையில் ஒரு பகுதி வீண். என் அம்மாவும் அந்த மாத்திரைதான் எடுக்கிறார். டாக்டரிடம் கேட்டதில் சோயாவை நிறுத்தச் சொல்லவில்லை. மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள், ஒரு நாள் நிறைய, ஒரு நாள் ஒன்றுமில்லை என்று மாற்றாதீர்கள் என்றார். இப்போது வீட்டில் மீல் மேக்கர் மதியத்துக்கு மேல்தான்.

இரண்டாவது ஒவ்வாமை. பாக்கெட் உணவுகளில் 'சோயா உள்ளது' என்று தனியாக அச்சிடச் சொல்வது சும்மா இல்லை. சாப்பிட்டதும் உதடு தடிப்பது, அரிப்பு, மூச்சு முட்டல் என்று வந்தால் அதற்கு மேல் ஆராய்ச்சி தேவையில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

மூன்றாவது நம்ம ஃபைனல் இயர் அண்ணனுக்கு. பச்சைச் சோயா பீன்ஸில் டிரிப்சின் தடுப்பான் என்ற புரதம் இருக்கிறது. நாம் சாப்பிட்ட புரதத்தைச் செரிக்கும் நொதியையே அது கட்டிப்போடும். 1917-லேயே எலிகளில் பார்த்துவிட்டார்கள்: பச்சைச் சோயா கொடுத்த எலிகள் வளரவில்லை, வேக வைத்துக் கொடுத்தவை வளர்ந்தன. புரதத்துக்காகத் தின்று, புரதத்தைச் செரிக்கவிடாமல் செய்வது என்ன கணக்கு? முளைகட்டினால் மட்டும் அது முழுசாகப் போய்விடாது. குக்கரில் நன்றாக வேக வேண்டும். மீல் மேக்கரில் அந்தக் கவலை குறைவு, அது ஏற்கெனவே சூடு பார்த்து வந்த பொருள். ஆனால் அண்ணனின் 150 கிராமைப் பெருக்கிப் பாருங்கள்: 78 கிராம் புரதம், சுமார் 270 மில்லிகிராம் ஐசோஃப்ளேவோன். ஜப்பான் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2006-ல் பாதுகாப்பான மேல் வரம்பாகச் சொன்னது ஒரு நாளைக்கு 70 முதல் 75 மில்லிகிராம். மூன்றரை மடங்கு தாண்டிவிட்டார். நாளைக்கே ஏதாவது ஆகும் என்று நான் பயமுறுத்தவில்லை. அந்த 60 வயதுக்காரர் பக்கம் நடந்து போகிறார் என்று மட்டும் சொல்கிறேன்.

மீல் மேக்கர் எப்படிச் செய்கிறார்கள் என்று கெமிக்கல், மெக்கானிக்கல் ஆட்களுக்கு ஒரு பத்தி. சோயாவை நசுக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானால் எண்ணெயைப் பிரித்து, கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால் மிச்சம் கொழுப்பில்லாத மாவு. அதை ஈரப்படுத்தி எக்ஸ்ட்ரூடரில் அழுத்தமும் வெப்பமும் கொடுத்துத் துளை வழியே தள்ளுகிறார்கள். முறுக்கு உழக்கு மாதிரிதான், ஆனால் வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் நீர் சட்டென ஆவியாகிப் பஞ்சு போல உப்பிவிடும். அதற்கு முன்னாலேயே ராபர்ட் பாயர் என்ற அமெரிக்கர் சோயா புரதத்தை நூலாக நூற்று 1954-ல் இறைச்சி மாதிரிப் பொருளுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் அதற்கு முன் ஹென்றி ஃபோர்டிடம் சோயாவில் துணி நூல் தயாரித்தவர். வேடசந்தூர் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கும் அப்பாக்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

"நான் சோயாவே தொடுறதில்ல, சிக்கன் பிரியாணிதான்" என்பவர்களுக்கும் ஒரு தகவல். பிராய்லர் கோழித் தீவனத்தில் முக்கியமானவை இரண்டு: மக்காச்சோளம், எண்ணெய் எடுத்த சோயா புண்ணாக்கு. மக்காச்சோளம் ஒட்டன்சத்திரம் பக்கம் நம் கண் முன்னால் விளைகிறது. சோயா மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா பக்கமிருந்து வருகிறது. 2021-ல் புண்ணாக்கு விலை ஏறிக் கோழிப்பண்ணைகள் தவித்தபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாவின் புண்ணாக்கு 12 லட்சம் டன் இறக்குமதிக்கு ஒன்றிய அரசு அனுமதி கொடுத்தது. நீங்கள் தொடாவிட்டாலும் உங்கள் லெக் பீஸ் தொட்டிருக்கிறது.

கடல் தாண்டி இலங்கையில் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் 1970-களிலிருந்து கொடுக்கும் திரிபோஷா மாவிலும் மக்காச்சோளத்தோடு சோயா உண்டு. 2022-ல் அதைப் பற்றிப் பெரிய சர்ச்சை எழுந்தது. காரணம் சோயாவின் ஹார்மோன் இல்லை, அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு. மழையில் நனைந்து சரியாகக் காயாத தானியம் எதிலும் வரக்கூடியது. உணவில் பயப்பட வேண்டியது எது என்று கேட்டால் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

முதல் வருஷத் தம்பியின் கணக்குக்குத் திரும்புவோம். ஐசிஎம்ஆர் 2020-ல் சொன்னபடி ஒரு கிலோ உடல் எடைக்குத் தினம் 0.83 கிராம் புரதம் வேண்டும். அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். புதன்கிழமை மீல் மேக்கரில் கிடைப்பது பத்து கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் முட்டை. அதைக் கொட்டினால் அந்த இடத்தில் எதை வைக்கப் போகிறோம்? மெஸ் கமிட்டியில் நான் கேட்டிருப்பது இதுதான்: சைவப் பசங்களுக்கு மற்ற நாட்களில் கொண்டைக்கடலையோ வேர்க்கடலைச் சுண்டலோ ஒரு கரண்டி. சோயாவை மட்டுமே நம்ப வேண்டியதில்லை.

மாஸ்டரிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறேன். சிலர் கொட்டுவதற்குப் பயம் காரணமில்லை, அந்தப் பச்சை வாடையும், சாப்பிட்ட பிறகு வரும் கேஸும்தான். வெந்நீரில் கால் மணி நேரம் ஊற வைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தடவை அலசிப் பிழிந்தால் ரெண்டுமே குறையும். ஊற வைத்த தண்ணீரோடு அப்படியே குருமாவில் கொட்டக் கூடாது. புரட்டாசியில் எங்கள் வீட்டில் சீரகச் சம்பாவில் மீல் மேக்கர் பிரியாணி செய்யும்போது, பிழிந்த உருண்டையைத் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுதில் அரை மணி நேரம் புரட்டி வைப்பார்கள். கடைசியில் எலுமிச்சை பிழிவார்கள். சோயாவில் உள்ள ஃபைட்டேட் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எலுமிச்சையின் வைட்டமின் சி அதைக் கொஞ்சம் விடுவிக்கும். அம்மாவுக்கு இந்தக் கெமிஸ்ட்ரி தெரியாது, ருசிக்காகத்தான் பிழிகிறார். முந்நூறு பேருக்கு ஆறு கிலோவை ரெண்டு தடவை கையால் பிழிய ஆள் இல்லை என்று மாஸ்டர் சொல்கிறார். இந்தப் புதன்கிழமை நாங்கள் நாலு பேர் ஐந்தரை மணிக்குச் சமையல்கட்டுக்குப் போகிறோம். வர முடிந்தவர்கள் வாங்க.