ஹீட் சிங்கைக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்

கம்ப்யூட்டரைத் திறந்து தூசி தட்டும்போது, பிராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்கையும் கழற்றிச் சுத்தம் செய்து அப்படியே திரும்ப மாட்டிவிடுகிறார்கள் பலர். சிஸ்டமும் ஆன் ஆகிறது. சில நாட்கள் கழித்து, "ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது, பேன் சத்தம் போடுகிறது, கேம் விளையாடினால் தானாக ஆஃப் ஆகிறது" என்று என்னிடம் சொல்வார்கள். வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மறுபடியும் இன்ஸ்டால் செய்து பார்த்தவர்களும் உண்டு. நான் அவர்களிடம் முதலில் கேட்பது இதுதான்: ஹீட் சிங்கைக் கழற்றிய பின் புதிய தெர்மல் பேஸ்ட் வைத்தீர்களா?

தெர்மல் பேஸ்ட் எதற்கு?

பிராசசரின் மேல் மூடியும் ஹீட் சிங்கின் அடிப்பக்கமும் வழவழப்பாகத் தெரியும். ஆனால் இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் உண்டு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் அந்தப் பள்ளங்களில் காற்று தங்கும். வெப்பத்தைக் கடத்தும் திறனை எண்ணில் சொன்னால் செம்புக்குச் சுமார் 400, சாதாரண பேஸ்ட்டுக்கு 4 முதல் 10 வரை, காற்றுக்கு வெறும் 0.026. காற்றை வெளியேற்றி அந்த இடத்தை நிரப்புவதுதான் பேஸ்ட்டின் வேலை. உலோகத்தை விடப் பேஸ்ட் மிகவும் பின்தங்கியது என்பதையும் கவனியுங்கள். எனவே தடிமனாகப் பூசினால் அதுவே வெப்பத்திற்குத் தடையாகும்.

ஹீட் சிங்கைத் தூக்கியதும் பழைய பேஸ்ட் பாதி மேலும் பாதி கீழுமாகப் பிரிந்துவிடும். அதையே மீண்டும் அழுத்தினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். காய்ந்து போயிருந்தால் பரவவே பரவாது.

செய்முறை

1. முதலில் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். பேஸ்ட் இளகும். பிறகு ஷட் டவுன் செய்து பவர் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலை மின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

2. பேன் ஒயரைக் கழற்றி, ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாகத் தளர்த்துங்கள். ஹீட் சிங்கை நேராக மேலே இழுக்காதீர்கள். இடமும் வலமும் லேசாகத் திருப்பி, பிடி விட்ட பிறகு தூக்குங்கள். ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பிராசசர்களில் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். வேகமாக இழுத்தால் பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து பின்கள் வளைந்துவிடும். இன்டெலில் 2004-இல் வந்த எல்ஜிஏ775 முதலும், ஏஎம்டியில் 2022-இல் வந்த ஏஎம்5 முதலும் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பின்கள் மதர்போர்டு சாக்கெட்டில் உள்ளன. பிராசசரை வெளியே எடுத்தால் சாக்கெட்டுக்குள் விரலோ துணியோ படக்கூடாது.

3. பழைய பேஸ்ட்டை டிஷ்யூ பேப்பரால் துடைத்து எடுங்கள். பிறகு நூல் பிரியாத துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் (90 சதவீதத்திற்கு மேல்) நனைத்து, இரண்டு பக்கமும் பளிச்சென்று ஆகும் வரை துடையுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம். நன்றாகக் காய விடுங்கள்.

4. பிராசசரின் நடுவில் சிறிய பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வையுங்கள். விரலால் தேய்க்க வேண்டாம். ஹீட் சிங்கின் அழுத்தத்திலேயே பரவிவிடும்.

5. ஹீட் சிங்கை நேராக இறக்குங்கள். "சரியாகப் பரவியதா?" என்று தூக்கிப் பார்க்காதீர்கள். தூக்கினால் மறுபடி துடைத்துப் புதிதாகத்தான் வைக்க வேண்டும். ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரே பக்கம் முழுதும் முறுக்கினால் ஹீட் சிங்க் சாய்ந்து உட்காரும்.

6. பேன் ஒயரை மதர்போர்டில் 'சிபியு பேன்' என்று குறித்துள்ள பின்களில் மாட்டுங்கள். மறந்தால் பிராசசர் சீக்கிரமே சூடாகிவிடும்.

சரிபார்ப்பது எப்படி?

ஆன் செய்ததும் டெலீட் அல்லது எஃப்2 கீயை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். அங்கே பிராசசரின் வெப்பநிலை தெரியும். பொதுவாக 30 முதல் 50 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நிமிடத்துக்கு நிமிடம் ஏறி 80-ஐத் தாண்டினால் உடனே ஆஃப் செய்துவிட்டு, பேன் சுற்றுகிறதா, ஹீட் சிங்க் நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்றைய பிராசசர்கள் பெரும்பாலும் 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் சிஸ்டம் ஆஃப் ஆகிவிடும். விண்டோஸை மாற்றியும் தீராத ஸ்லோவுக்கு இதுவும் ஒரு காரணம்.

கவனத்தில் கொள்ள

* புதிய ஹீட் சிங்கின் அடியில் பேஸ்ட் தடவியே வந்திருந்தால் மேலும் வைக்க வேண்டாம். பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தால் மறக்காமல் உரித்துவிடுங்கள்.

* லிக்விட் மெட்டல் என்று விற்பதைப் புதியவர்கள் வாங்க வேண்டாம். அதில் உள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். மின்சாரத்தையும் கடத்தும் என்பதால், சிந்தினால் போர்டில் ஷார்ட் ஆகலாம்.

* தூசி தட்ட மட்டும் என்றால் ஹீட் சிங்கைக் கழற்றவே தேவையில்லை. பேன் சுற்றாதபடி பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

* வாரண்டி உள்ள சிஸ்டம் என்றால், திறக்கும் முன் விற்றவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு டியூப் பேஸ்ட்டைப் பல முறை பயன்படுத்தலாம். கையில் புதிய பேஸ்ட் இல்லையென்றால் அன்றைக்கு ஹீட் சிங்கைத் தொடாதீர்கள். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள்.